முதல் பேஸில் மோதல், மூன்றாம் பேஸில் தீர்ப்பு

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் சிற்றூரின் பூங்கா மைதானத்தில் 12 வயதுக்குட்பட்டோர் பேஸ்பால் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸின் பிற்பாதி. இந்த வயதுக்கு மொத்த ஆட்டமே ஆறு இன்னிங்ஸ்தான். சிவப்புச் சட்டை அணி 4 ரன், நீலச் சட்டை அணி 3. நீலம் அடிக்கிறது. ஒரு அவுட் ஆகிவிட்டது, முதல் பேஸில் ஒரு ரன்னர் நிற்கிறான். அம்பயர்கள் இருவர். அடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் முகக்கவசத்தோடு குனிந்து நிற்பவர் இருபது வருட அனுபவசாலி. பேஸ்களைப் பார்த்துக்கொள்வது நான். எனக்கு அது இரண்டாவது சீசன். என் மகன் இந்த லீகில் ஆடுகிறான், அம்பயருக்கு ஆள் போதவில்லை என்று மின்னஞ்சல் வந்தது, கையைத் தூக்கினேன். என் தகுதி அவ்வளவுதான்.

அடித்த பந்து வலப்பக்க ஃபீல்டருக்கும் நடு ஃபீல்டருக்கும் இடையில் விழுந்து வேலியை நோக்கி உருண்டது. முதல் பேஸ் ரன்னர் பறந்தான். அடித்த பையன் முதல் பேஸின் உள் மூலையை மிதித்துத் திரும்பிய அடுத்த எட்டில், அங்கே நின்றிருந்த ஃபர்ஸ்ட் பேஸ்மேன் மேல் தோளால் இடித்தான். இரண்டு தப்படி தடுமாறி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, எழுந்து ஓடினான். நான் இடது கை முஷ்டியைப் பக்கவாட்டில் நீட்டி ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று, அதாவது ஓடுகிறவனை ஃபீல்டர் மறித்துவிட்டான் என்று கத்தினேன். ஆட்டம் தொடர்ந்தது. முன்னால் ஓடியவன் மூன்று பேஸையும் சுற்றி ஹோம் வந்து சேர்ந்தான், ஒரு ரன்: 4-4. அடித்தவன் இரண்டாம் பேஸில் நிற்காமல் மூன்றாவதற்குப் போனான். வெளியிலிருந்து வந்த பந்தை இடையில் ஒருவன் வாங்கி மூன்றாம் பேஸுக்கு எறிந்தான். ரன்னர் சறுக்கினான். கால் பேஸைத் தொட ஒரு முழம் இருக்கும்போது கையுறை அவன் முழங்காலில் பட்டது. நான் வலது கையை மடக்கி ‘அவுட்’ என்றேன்.

அடுத்த ஏழெட்டு நிமிடம் நடந்ததுதான் இங்கே விஷயம். நான் செய்தது தவறு. ஆனால் எது தவறு என்பது அன்றைக்கு அங்கே கத்தியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கத்தாமல் இருந்த இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

முதலில், எளிதான தீர்ப்புகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பேஸ்பால் ரன்னரைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ரன் அவுட் மாதிரிதான், ஆனால் இரண்டு வகை. பின்னால் இன்னொருவன் வருவதால் அடுத்த பேஸுக்குப் போயே தீர வேண்டியவன் என்றால், பந்தை வைத்திருக்கும் ஃபீல்டர் பேஸை மிதித்தாலே அவன் அவுட். அந்தக் கட்டாயம் இல்லாமல் தானாகப் போகிறவனைப் பந்தாலோ பந்துள்ள கையுறையாலோ உடம்பில் தொட வேண்டும், அதுதான் டேக். பெரியவர்கள் ஆட்டத்தில் பேஸுக்குப் பேஸ் 90 அடி. நாங்கள் ஆடும் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகின் இந்தப் பிரிவில் 60 அடி. 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் இந்த லீகைத் தொடங்கிய கார்ல் ஸ்டாட்ஸ் செய்த உருப்படியான காரியமே மைதானத்தைச் சிறுவர்களின் காலுக்கு ஏற்றபடி சுருக்கியதுதான். பிள்ளைகளுக்கு வசதி. அம்பயருக்கு அப்படி இல்லை. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நடந்து, நாம் திரும்புவதற்குள் முடிந்துவிடுகிறது.

வேடிக்கை பார்ப்பவர்கள் கடினம் என்று நினைப்பது முதல் பேஸில் கால் முந்தியதா, பந்து முந்தியதா என்ற தீர்ப்பை. அதற்காவது ஒரு முறை இருக்கிறது. கண்ணைப் பேஸில் ஊன்றிக் கால் படுவதைப் பார்க்க வேண்டும். பந்து கையுறையில் விழும் ‘பட்’ ஓசையைக் காதால் வாங்க வேண்டும். எது முதலில் வந்ததோ அது. இதில் ஒரு சின்னக் கணக்கு எனக்குப் பிடிக்கும். 16 அடி தள்ளி நின்றால் ஓசை நம்மை எட்ட ஒரு விநாடியில் எழுபதில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் விநாடிக்கு 18 அடி ஓடுகிற பையன் மூன்று அங்குலம் நகர்ந்துவிடுவான். ஆக, காதை நம்பும் அம்பயர் ரன்னருக்குத் தெரியாமலே மூன்று அங்குலம் தள்ளுபடி தருகிறார்.

‘சமமாக வந்தால் ரன்னருக்குத்தான்’ என்று எல்லா ஆட்டத்திலும் ஒரு அப்பா கத்துவார். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அடித்தவனைப் பற்றிய விதி, அவன் முதல் பேஸைத் தொடும் முன்பே பேஸையோ அவனையோ தொட்டால் அவுட் என்கிறது. கட்டாயத்தால் ஓடும் மற்ற ரன்னர்களைப் பற்றிய விதியோ, ஃபீல்டர் தொடும் முன்பே அவன் பேஸை அடையாவிட்டால் அவுட் என்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், சமமாக வந்த ஒருவன் பிழைக்கிறான், இன்னொருவன் சாகிறான். அதனால்தான் அம்பயர்கள் ‘சமம்’ என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை.

சிறுவர் ஆட்டத்துக்கே உரிய தொல்லை வேறு ஒன்று இருக்கிறது. பெரியவர்களைப் போலப் பேஸை விட்டு நாலு எட்டு முன்னால் போய் நிற்க இங்கே அனுமதியில்லை. பிட்சர் எறிந்த பந்து அடிப்பவனை எட்டும்வரை ரன்னரின் கால் பேஸில் இருக்க வேண்டும். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பிளேட்டுக்கு 46 அடி. மணிக்கு 55 மைல் வேகத்தில் எறிந்தால் அரை விநாடிக்குச் சற்றுக் கூடுதல். அந்த அரை விநாடியில் ஒரு மூலையில் பந்து, இன்னொரு மூலையில் ஷூ. இரண்டையும் நேராகப் பார்க்க யாராலும் முடியாது. நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு பந்தை ஓரக்கண்ணில் வைத்துக்கொள்வேன். முன்கூட்டியே கிளம்பிவிட்டால் உடனே பையிலிருக்கும் துணியைத் தரையில் போட வேண்டும். ஆட்டம் நிற்காது. அவனை அவுட் ஆக்கிவிட்டால் அந்த அவுட் செல்லும். தப்பித்துவிட்டால் பின்னால் அனுப்பிவிடுவோம்.

அன்றைக்குத் துணி என் பையிலேயே இருந்தது. சிவப்பு அணியின் கோச் பிற்பாடு அதையும் கேட்டார். பையன் ஒழுங்காகத்தான் கிளம்பினான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. என் சந்தேகம் வேறு இடத்தில். அந்த ரன்னர் இரண்டாம் பேஸை மிதித்தானா என்று பார்ப்பதும் என் வேலை. நான் அப்போது வெளிவட்டத்திலிருந்து உள்ளே ஓடிவந்து திரும்பி, அடித்தவன் முதல் பேஸைத் தொடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் போனவனின் காலைப் பார்க்கவில்லை. சிவப்பு அணி ‘அவன் மிதிக்கவில்லை’ என்று முறையாக அப்பீல் செய்திருந்தால், சேஃப் என்றுதான் சொல்லியிருப்பேன். பார்க்காததை அவுட் என்று சொல்லக்கூடாது. யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கேட்காத அப்பீலுக்கு அம்பயர் பதில் சொல்வதில்லை.

இரண்டு ரன்னர், ஒரு ஜோடிக் கண். பெரிய லீக் ஆட்டங்களில் நாலு அம்பயர்கள் நிற்பதன் காரணம் இதுதான்.

ஓடாத ஓட்டத்தை அளப்பது

இப்போது மோதலுக்கு வருவோம். லிட்டில் லீக் விதிப்படி, கையில் பந்து இல்லாத ஃபீல்டர் ரன்னரின் ஓட்டத்துக்குத் தடையாக இருந்தால் அது அப்ஸ்ட்ரக்‌ஷன். வேண்டுமென்றே நின்றானா, தெரியாமல் நின்றானா என்ற பேச்சுக்கே இடமில்லை. கிரிக்கெட்டில் இது வேறு மாதிரி. ஃபீல்டர் வேண்டுமென்றே பேட்ஸ்மேனைத் தடுத்தால்தான் 41.5-ஆம் விதி வந்து ஐந்து ரன் அபராதம் போடுகிறது. அம்பயர் அவன் மனதுக்குள் புகுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பேஸ்பால் அந்தச் சங்கடத்தை வைக்கவில்லை. பெரியவர்களின் விதியில், பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இருக்கும் ஃபீல்டருக்கு ஒரு விலக்கு உண்டு. லிட்டில் லீக் அதையும் எடுத்துவிட்டது. கையில் பந்து இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் வழியை விடு. பந்தே இல்லாமல் டேக் செய்வது போலப் பாவனை காட்டினால் அதுவும் அப்ஸ்ட்ரக்‌ஷன்தான், ஏனென்றால் ஏமாந்து சறுக்கும் பையனின் கணுக்கால் போய்விடும்.

அதனால் முஷ்டியை நீட்டியதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. ‘அவன் சும்மா நின்னான்பா, அசையவே இல்லை!’ என்று வேலிக்கு அப்பாலிருந்து யாரோ ஆங்கிலத்தில் கத்தியதன் சாரம் அதுதான். அசையாமல் நின்றதுதான் தடை.

சிக்கல் அதற்குப் பிறகு. அப்ஸ்ட்ரக்‌ஷன் இரண்டு வகை. தடுக்கப்படும் அந்த நேரத்தில் அந்த ரன்னரையே அவுட் ஆக்க முயற்சி நடந்துகொண்டிருந்தால், பந்து அங்கேயே செத்துவிடும். ரன்னருக்கு, கடைசியாகத் தொட்ட பேஸிலிருந்து குறைந்தது ஒரு பேஸ் உறுதி. இரண்டாம் வகையில், பந்து வேறெங்கோ இருக்கிறது, அவன்மேல் யாரும் குறி வைக்கவில்லை. அப்போது ஆட்டத்தை ஓடவிட வேண்டும். எல்லாம் அடங்கியதும் டைம் சொல்லி, அந்தத் தடை நடக்காமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதைச் செய்து கொடுக்க வேண்டும். என்ன ஆகியிருக்கும் என்பது அம்பயரின் கணிப்பு. அந்தக் கணிப்பைத் தாண்டி ரன்னர் ஓடினால் அது அவன் பொறுப்பு. டேக் செய்தால் அவுட்.

எங்கள் ஆட்டத்தில் பந்து வேலியோரம் கிடந்தது. அதனால் இது இரண்டாம் வகை. ஆனால் மூன்றாம் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்த என் மண்டையில் இருந்தது முதல் வகையின் ‘ஒரு பேஸ்’. முதல் பேஸில் இடித்தான், ஒரு பேஸ் கூட்டினால் இரண்டாவது, அதைத் தாண்டி வந்துவிட்டான், டேக் ஆனான், அவுட். மளிகைக்கடைக் கூட்டல் மாதிரி. இதே தவறைச் செய்யும் தன்னார்வலர்கள் எக்கச்சக்கம் என்று பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன, அன்றைக்கு அவுட் சொன்னது நான்தானே.

ஒரு கேள்வி

நீல அணியின் கோச் ஒரு பெண்மணி. கத்தவில்லை. டைம் கேட்டு, நடந்து என்னிடம் வந்தார்.

“அப்ஸ்ட்ரக்‌ஷன் சொன்னீர்களே, அது என்னாயிற்று?”

“அவனுக்கு இரண்டாம் பேஸ் உண்டு. அதைத் தாண்டிப் போனது அவன் பாடு.”

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “இரண்டாம் பேஸ் வரைதான் என்பது உங்கள் கணிப்பா, இல்லை விதியே அப்படித்தானா?”

இந்தக் கேள்வியின் கூர்மை எனக்கு அப்போது உறைக்கவில்லை. ‘என் கணிப்பு’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ரன்னர் சேஃபா அவுட்டா, பந்து ஃபேரா ஃபவுலா என்பது போன்ற அம்பயரின் கணிப்புகள் இறுதியானவை. அவற்றை எதிர்த்துப் பேசக்கூட கோச்சுக்கு உரிமையில்லை, ஆட்சேபமும் பதிவு செய்ய முடியாது. ‘விதி அப்படி’ என்று சொன்னால் கதவு திறந்துவிடுகிறது. விதியை அம்பயர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று, அடுத்த பந்து எறிவதற்கு முன்னால், ஆட்சேபத்தின் கீழ் ஆடுகிறோம் என அறிவிக்கலாம். களத்தில் விளைவு ஒன்றுதான்: பையன் அவுட். ஆனால் என் வாயிலிருந்து எந்த வாக்கியம் வருகிறது என்பதைப் பொறுத்து அது அசைக்க முடியாததாகவும் இருக்கலாம், அன்றிரவே கவிழ்ந்தும் போகலாம்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, அது ஒரு தப்பிக்கும் வழி என்றே தெரியாததால். “விதி அப்படித்தான், ஒரு பேஸ்” என்றேன்.

“அப்படியென்றால் உங்கள் பார்ட்னரை ஒரு வார்த்தை கேளுங்கள்” என்றார்.

இதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரு அம்பயரின் தீர்ப்பை இன்னொரு அம்பயர் தானாக வந்து மாற்ற முடியாது. தீர்ப்புச் சொன்னவர் கேட்டால்தான் பேசலாம், மாற்றுவதும் அவரேதான். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவர் முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு கோச்சுகளையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிட்சர் மேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். விதி எண் எதையும் அவர் சொல்லவில்லை. “இடிக்காமல் இருந்திருந்தால் பையன் எங்கே இருந்திருப்பான்?” என்று மட்டும் கேட்டார்.

“மூன்றில். சறுக்காமலே போயிருப்பான்.”

“அப்புறம் எதற்கு அவுட்?”

நாங்கள் திரும்பி வரும்போது சிவப்பு அணியின் கோச் முந்திக்கொண்டார். மனிதர் சமாதானப் பிரியர். “சரி, இரண்டாம் பேஸில் வைத்துவிடுங்கள். எல்லாருக்கும் நியாயமாக இருக்கும்” என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நம் ஊர்ப் பஞ்சாயத்தில் வளர்ந்த காதுக்கு அது தேன். ஒருவர் அவுட் என்கிறார், இன்னொருவர் மூன்று என்கிறார், நடுவில் இரண்டு, ஆளுக்குப் பாதி. ஒப்புக்கொள்கிறேன், அரை நிமிடம் எனக்கு ஆசை வந்தது. சிறுவர் ஆட்டத்தில் இந்த ஆசை அடிக்கடி வரும். எதிரில் நிற்பது பதினோரு வயது முகம், வேலிக்கு அந்தப் பக்கம் நாளைக்குக் கடையில் பார்க்கப்போகிற அவன் அப்பா.

ஆனால் இந்த விதியில் இரண்டாம் பேஸ் என்ற பதிலே கிடையாது. மூன்றைப் பிடித்திருப்பான் என்று நான் கணித்தால், மூன்றாம் பேஸ் அவனுடையது. இரண்டு வரைதான் போயிருப்பான் என்று கணித்தால், அதைத் தாண்டி ஓடி டேக் ஆனவன் அவுட். டேக் ஆன பையனைக் கூப்பிட்டு இரண்டில் நிறுத்துவது யாருடைய கணிப்புக்கும் பொருந்தாது. அது இரண்டு கோச்சுகளின் மனக்கசப்பைச் சமமாகப் பங்கு போடும் வேலை.

ஆகவே கணிக்க வேண்டியதுதான். எனக்குக் கிடைத்த தடயங்கள் இவை. அவன் இரண்டு தப்படி தடுமாறினான், கை தரையில் பட்டது. அந்த வேகத்தில் அரை விநாடி போனால் ஒன்பது அடி போச்சு. கால் விநாடிதான் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் நாலரை அடி. மூன்றாம் பேஸைத் தொட அவனுக்குப் போதாமல் போனது ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி. கணக்கு பையன் பக்கம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. இரண்டாம் பேஸ் வரும்போது அவன் தலையைத் தூக்கி மூன்றாம் பேஸ் கோச்சைப் பார்த்தான்; அங்கே கொஞ்சம் வேகம் குறைந்தது. அது மோதலால் வந்த தயக்கமா, எப்படியும் வந்திருக்குமா? இன்னொன்று: இடையில் பந்தை வாங்கிய பையன் முதலில் ஹோம் பக்கம்தான் திரும்பினான். அடித்தவன் தாமதமாக வருவதைப் பார்த்த பிறகுதான் மூன்றுக்கு எறிந்தான் என்று எனக்குப் பட்டது. தாமதமே இல்லையென்றால் பந்து ஹோமுக்குப் போயிருக்கும், மூன்றாம் பேஸில் டேக் என்ற பேச்சே எழுந்திருக்காது. ஒரு கல்லை எடுத்தால் மொத்தச் சுவரும் வேறு மாதிரி நிற்கிறது. நடந்த ஓட்டத்தைப் பார்த்துச் சொல்வது சுலபம். இங்கே நடக்காத ஓட்டத்தைக் கண்முன் ஓடவிட்டு, அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் இதை ஆட்டம் முடிந்தபின் செய்வதில்லை. இடித்த அந்த நொடியிலேயே ‘இவனுக்குக் குறைந்தது இரண்டு’ என்று மனதில் குறித்துக்கொண்டு, பந்து எங்கே கிடக்கிறது, எறிபவனின் கை எப்படி என்று பார்த்தபடி அதை மூன்றாகத் திருத்திக்கொண்டே ஓடுவார்கள். நான் குறித்துக்கொண்டது ஒரு எண்ணை. அதைத் திருத்தவே இல்லை.

டைம் சொல்லி, முதல் பேஸைக் கை காட்டி, அப்ஸ்ட்ரக்‌ஷன் என்று மறுபடி அறிவித்து, பையனை மூன்றாம் பேஸில் நிறுத்தினேன். சமாதானப் பிரியரின் சமாதானம் போய்விட்டது. “அவுட் என்று சொல்லிவிட்டு மாற்றுகிறீர்களா? கணிப்பை மாற்றக் கூடாதே!” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. டேக் நடந்தது உண்மை. அதை நான் மாற்றவில்லை. அப்ஸ்ட்ரக்‌ஷன் என்று கூவிவிட்டு அதற்கான தீர்ப்பை நான் சொல்லவே இல்லை என்பதுதான் விஷயம். அந்தப் பாக்கியைத் தீர்த்தேன். அவர் ஆட்சேபம் பதிவு செய்தார். பார்ட்னர் குறித்துக்கொண்டார்.

ஒரே அம்பயர், இரண்டு இரவுகள்

இதே வகைத் தீர்ப்பு பெரிய லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஒரு ஆட்டத்தையே முடித்திருக்கிறது. 2013 அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ், மூன்றாவது ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸும் கார்டினல்ஸும் 4-4. ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதியில் பாஸ்டனின் கேட்சர் மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து தவறி வெளியே ஓடியது. அதைப் பிடிக்கப் பாய்ந்த பாஸ்டனின் மூன்றாம் பேஸ் ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸ் தரையில் குப்புறக் கிடந்தார். ஹோமுக்குக் கிளம்பிய ரன்னர் ஆலன் கிரெய்க் அவர்மேல் தடுக்கி விழுந்து, எழுந்து, நொண்டியபடி ஓடினார். பந்து அவரை முந்திக்கொண்டு வந்து, டேக்கும் ஆனது. ஆனால் மூன்றாம் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அதற்குள் அப்ஸ்ட்ரக்‌ஷன் அறிவித்திருந்தார். பிளேட்டில் நின்ற டேனா டிமுத் சேஃப் என்று கையை விரித்து, மூன்றாம் பேஸைச் சுட்டினார். 5-4. வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் ஒன்று அப்ஸ்ட்ரக்‌ஷன் தீர்ப்போடு முடிந்தது அதுவே முதல் முறை.

கீழே விழுந்து கிடப்பவர் என்ன செய்வார் என்று பாஸ்டன் ரசிகர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். நியாயமான ஆதங்கம், ஆனால் விதிக்கு அது பொருட்டில்லை. பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. பிடிக்கும் முயற்சி முடிந்துவிட்டது. பெரியவர்களின் விதியில் உள்ள விலக்கும் அதோடு காலாவதி. எங்கள் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் நின்றான், மிடில்புரூக்ஸ் கிடந்தார். அவ்வளவுதான் வேறுபாடு.

எனக்கு இதில் சுவாரசியம் ஜாய்ஸ் என்ற மனிதர். மூன்று வருடம் முன்பு, 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில், அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் தொடர்ந்து 26 பேரை அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவர் போனால், ஒருவரையும் பேஸ் ஏறவிடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’. இருபத்தேழாவது ஆளான ஜேசன் டொனால்ட் அடித்துவிட்டு ஓட, முதல் பேஸில் பந்து தெளிவாக முந்தியது. ஜாய்ஸ் சேஃப் என்றார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்துவிட்டு, தவறு தன்னுடையதுதான் என்று செய்தியாளர்களிடமே சொன்னார். ஆனால் அது கணிப்பு. தீர்ப்பை மாற்ற லீகின் கமிஷனர் மறுத்துவிட்டார். மறுநாள் ஹோம் பிளேட்டில் நின்ற ஜாய்ஸிடம், அணிப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணால் பார்த்தாலே போதும் என்ற எளிய தீர்ப்பில் அவர் சறுக்கினார். நடக்காததைக் கணிக்க வேண்டிய தீர்ப்பில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, சரியாகச் சொன்னார். 2014-இலிருந்து பெரிய லீக்குகளில் வீடியோ மறுபரிசீலனை வெகுவாக விரிந்துவிட்டது. கலராகாவுக்கு நடந்தது இன்று நடந்தால் சில நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். லிட்டில் லீக் வேர்ல்ட் சீரிஸிலும் 2008-இலிருந்து ஏதோ ஒரு வடிவில் வீடியோ இருக்கிறது. எங்கள் பூங்காவில் இருந்தது ஒரு பாட்டியின் கைபேசி. அதைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை. பார்த்திருந்தாலும் டேக் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மைதானம் காலியான பிறகு

அடுத்துச் சீக்கிரமே முடிந்தது. நீல அணியின் அடுத்த பையன் இடப்பக்கம் உயரமாக அடித்தான், பிடித்துவிட்டார்கள், மூன்றாம் பேஸில் இருந்தவன் பிடித்தபின் கிளம்பி ஹோம் வந்தான். 5-4. ஆக, என் தீர்ப்புதான் ஆட்டத்தை முடித்தது என்று சொன்னால் மறுக்க முடியாது. ஆட்சேபத்தை லீக் குழு அந்த வாரமே பார்த்து, ரன்னரை எந்தப் பேஸில் வைப்பது என்பது அம்பயரின் கணிப்பு என்று இரண்டு வரியில் தள்ளுபடி செய்தது. முதலில் சொன்ன அவுட்டை நான் அப்படியே விட்டிருந்தால், அதே குழு நீல அணியின் ஆட்சேபத்தை ஏற்று, ஆட்டத்தை அந்த இடத்திலிருந்து மறுபடி ஆடச் சொல்லியிருக்கும் என்று பார்ட்னர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக: ‘விதி அப்படித்தான், ஒரு பேஸ்.’

பிள்ளைகள் தின்பண்டக் கடைப் பக்கம் போனபின், நான் பேஸ்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சிவப்பு அணியின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் வந்து நின்றான். சட்டை இடுப்புக்கு வெளியே, தோளில் மண்.

“நான் எங்கே நின்றிருக்க வேண்டும்?” என்றான்.

பேஸிலிருந்து நாலு எட்டு உள்ளே, ரன்னர் திரும்புகிற வளைவுக்கு அப்பால் நிற்க வைத்துக் காட்டினேன். இங்கே நின்றுகொண்டு பந்தை வேடிக்கை பார்த்தால் யாரும் இடிக்க மாட்டார்கள் என்றேன்.

“நான் பந்தைப் பார்க்கவில்லை. அவன் பேஸை மிதிக்கிறானா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் கோச். அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.” பிறகு கேட்டான்: “மிதித்தானா?”

“மிதித்தான். உள் மூலையில்” என்றேன்.

“எனக்கும் அப்படித்தான் தெரிந்தது” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பேஸை என் கைவண்டியில் போட உதவி செய்தான்.